நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் சட்டமன்றக் கட்டடமான கேப்பிட்டலுக்கு அழைத்துப் போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இதுதான்: மகள் நான்காம் வகுப்பு, பீல்ட் டிரிப் ஏற்பாட்டுக்கு டீச்சர் உதவி கேட்டார், இவர் தலையாட்டிவிட்டார், இப்போது எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நானும் அப்படித் தலையாட்டி மாட்டிக்கொண்டவன்தான். மூத்தவனின் வகுப்போடு ஒரு தடவை, இளையவளின் வகுப்போடு ஒரு தடவை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை நன்றாகவே சொதப்பினோம்.

சொதப்பல் தேதியிலேயே ஆரம்பித்தது. டெக்சாஸ் சட்டமன்றம் வழக்கமாக ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும்தான் கூடும். ஜனவரி இரண்டாவது செவ்வாயில் தொடங்கி, அதிகம் போனால் 140 நாள். நாங்கள் போனது ஒற்றைப்படை ஆண்டு. பிள்ளைகள் நேரில் விவாதம் பார்க்கப் போகிறார்கள் என்று பெருமையாக ஜனவரிக் கடைசியில் தேதி வாங்கினோம். மூன்றாம் மாடி பார்வையாளர் காலரியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால், கீழே பிரதிநிதிகள் சபையின் 150 மேசைகளும் காலி. "இன்றைக்கு இவர்களுக்கும் லீவா?" என்று ஒரு பையன் கேட்டான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மாநில அரசியல் சாசனப்படி முதல் 30 நாள் மசோதா தாக்கல் செய்வதற்கு, அடுத்த 30 நாள் கமிட்டி விசாரணைக்கு. ஆளுநர் அவசரம் என்று குறித்த விஷயங்களைத் தவிர, மற்ற மசோதாக்களுக்கு அவையில் ஓட்டெடுப்பு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஆக, அவை நடப்பதைக் காட்ட வேண்டுமானால் மார்ச் பாதிக்கு மேல் போக வேண்டும். ஆனால் நடுவே ஸ்பிரிங் பிரேக் வரும், ஏப்ரலில் மாநிலம் நடத்தும் ஸ்டார் தேர்வு நெருங்கிவிடும், டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார். கையில் மிஞ்சுவது இரண்டு மூன்று வாரம். அதற்குள் நாள் கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் இரட்டைப்படை ஆண்டே மேல் என்பேன். இளையவளுக்கு அப்படித்தான் ஓர் அக்டோபரில் போனோம். கூட்டமில்லை, கைடு அவசரப்படவில்லை, பிள்ளைகள் கேட்ட எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னார்.

அவை நடக்கும் நாளில் போவதாக இருந்தால், உங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். காலரியில் இன்ன பள்ளிப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று அவையில் அறிவித்து வரவேற்கும் வழக்கம் அங்கே உண்டு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறென்ன?

முன்பதிவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டூர் இலவசம், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பள்ளிக் குழு என்றால் கண்டிப்பாக முன்பே பதிவு செய்ய வேண்டும். வசந்த கால நாட்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். கூட வரும் பெற்றோருக்குப் பெரும்பாலான பள்ளி மாவட்டங்கள் பின்னணிச் சரிபார்ப்பு கேட்கும், அதை முந்தின வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு.

பஸ் விஷயம் மட்டும் கொஞ்சம் கவனம். பஸ் உங்களை இறக்கிவிட்டு வேறெங்கோ போய் நின்றுகொள்ளும். முதல் தடவை மொத்த வகுப்பின் மதிய உணவும் பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. டிரைவர் போனை எடுக்கவில்லை. அறுபது பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து பசி பசி என்று பாடிய அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சாப்பாட்டைப் பெரிய பெட்டிகளில் போட்டு, அதை இறக்குவதற்கென்றே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பிள்ளைகள் தோளில் பை வேண்டாம். வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு, அறுபது பைகளைச் சோதித்து முடிப்பதற்குள் உங்கள் டூர் நேரம் கரைந்துவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் இயற்றுவது என்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை இல்லை. சும்மா கூட்டிப் போனால் பிள்ளைகள் பார்ப்பது ஒரு பெரிய கட்டடம், அவ்வளவுதான். அதனால் போவதற்கு முந்தின வாரம் வகுப்பிலேயே ஒரு சட்டமன்றம் நடத்தச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள். இளையவளின் வகுப்பில் செய்தோம். நிஜத்தில் சட்டமன்றத்துக்கு இரண்டு சபை: செனட்டில் 31 பேர், பிரதிநிதிகள் சபையில் 150 பேர். அதே மாதிரி சின்னக் குழு ஒன்று, பெரிய குழு ஒன்று. ரீசஸ் என்கிற விளையாட்டு இடைவேளையைப் பத்து நிமிடம் கூட்ட வேண்டும் என்பது மசோதா. பெரிய குழுவில் ஆரவாரமாக நிறைவேறியது. சின்னக் குழு, அந்தப் பத்து நிமிடத்தை லஞ்ச் நேரத்திலிருந்து குறைத்துவிடுவார்கள் என்று சந்தேகப்பட்டுத் தோற்கடித்தது. ஒரே கூச்சல். மறுபடி திருத்தி நிறைவேற்றியபோது, ஆளுநராக இருந்த டீச்சர் வீட்டோ போட்டுத் தடுத்துவிட்டார். இரண்டு குழுவிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தால் வீட்டோவையும் தாண்டலாம் என்று தெரிந்ததும் நடந்த பேரம் இருக்கிறதே, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அடுத்த வாரம் கேப்பிட்டலில் இரண்டாம் மாடிக்குப் போனபோது, மேற்கே ஒரு சபை, கிழக்கே ஒரு சபை, நடுவில் ஆளுநரின் வரவேற்பறை என்று கைடு காட்டினார். "ஓ, வீட்டோ ரூம்!" என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தினார்கள்.

உள்ளே தேடிப் பார்க்கவும் சில வேலைகள் கொடுங்கள். கதவுக் கீல்களில் கட்டடத்தின் பெயர் பொறித்திருக்கும். சபைகளில் தொங்கும் நட்சத்திர விளக்குகளின் பல்புகள் மாநிலத்தின் பெயரை எழுத்துக்கூட்டிக் காட்டும். நடு மண்டபத்தில் அண்ணாந்தால் உச்சியில் நட்சத்திரம், அதைச் சுற்றி அதே ஐந்து எழுத்து. சுவரைச் சுற்றி ஆளுநர்களின் படங்கள். புதிய படம் ஒன்று வரும்போது மற்ற எல்லாப் படங்களையும் ஒவ்வோர் இடம் தள்ளி மாட்டுவார்கள். அதே மண்டபத்தில் எதிரெதிரே நின்று ரகசியம் பேசிப் பார்க்கவும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், குவிமாடம் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தரையில் டெக்சாஸை ஆண்ட ஆறு நாடுகளின் முத்திரைகள் பதித்திருக்கும்: ஸ்பெயின், பிரான்ஸ், மெக்சிகோ, டெக்சாஸ் குடியரசு, தென் மாநிலக் கூட்டமைப்பு, அமெரிக்கா. ஐந்தாவதைக் காட்டி ஏதாவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்து போன மாநிலங்கள் அவை, டெக்சாஸும் அதில் ஒன்று என்று நேராகச் சொல்லிவிட்டோம். மழுப்பத் தேவையில்லை, பிள்ளைகள் பெரியவர்களைவிட நிதானமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

கட்டிய கதையும் சொல்ல வேண்டிய ஒன்று. பழைய கேப்பிட்டல் 1881-இல் எரிந்துபோனது. புதிது கட்ட மாநிலத்திடம் காசு இல்லை, நிலம் இருந்தது. வடக்குக் கோடியில் 30 லட்சம் ஏக்கரைக் கொடுத்துக் கட்டடத்தை வாங்கினார்கள் என்றே சொல்லலாம். அந்த நிலம்தான் பின்னால் எக்ஸ்ஐடி என்ற மாபெரும் மாட்டுப் பண்ணை ஆனது. முதலில் சுண்ணாம்புக் கல்லில்தான் கட்ட நினைத்தார்கள். கல்லில் இரும்புச் சத்து இருந்ததால் கறை படிந்தது. பிறகு இலவசமாகக் கிடைத்த செம்மை கலந்த கிரானைட்டுக்கு மாறினார்கள். கல்லை வெட்டச் சிறைக் கைதிகளை இறக்கியதால் கல்தச்சர் சங்கம் வேலையைப் புறக்கணித்தது, ஸ்காட்லாந்திலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். 1888-இல் திறந்தார்கள். உயரத்தில் வாஷிங்டனில் இருக்கும் கேப்பிட்டலையே மிஞ்சியது. "கைதிகளுக்குச் சம்பளம் உண்டா?" என்று என் மகள் கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் சுவரையே தடவிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு வெளியே புல்வெளி போதும். மழை வந்தால் எங்கே உட்காருவது என்று மட்டும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

சில பள்ளிகள் அருகில் இருக்கும் பல்லக் வரலாற்று மியூசியத்தையும் அதே நாளில் சேர்த்துவிடும். வேண்டாம் என்பேன், மதியத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் காலும் ஓடாது, காதும் கேட்காது. ஒரு சனிக்கிழமை நீங்களாகக் கூட்டிப் போங்கள். கேப்பிட்டல் உச்சியில் 1985 வரை நின்ற பழைய சுதந்திர தேவி சிலை அங்கேதான் இருக்கிறது. இப்போது மேலே நிற்பது அதன் அலுமினிய நகல். சுமார் 16 அடிச் சிலை. முந்நூறு அடிக்குக் கீழேயிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று மூக்கையும் கண்ணையும் முரட்டுத்தனமாகச் செதுக்கியிருப்பார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்ததும் என் மகள் இரண்டடி பின்வாங்கி, "அப்பா, இவங்களை மேலேயே வெச்சிருக்கலாம்" என்றாள்.