பர்மாவின் மாண்டலே 2025 நிலநடுக்கத்தில் இடிந்தது. இரங்கூனுக்கும் (யாங்கோன்) அந்த ஆபத்து உண்டா?

உண்டு. சகாயிங் பிளவு என்ற பூமி ஓட்டின் வெடிப்பு பர்மாவின் நடுவே வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதன் இரு பக்கங்களும் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. எதிரெதிராக நகரப் பார்க்கின்றன. உராய்வு பிடித்துக்கொள்ள, இழுவிசை சேர்ந்துகொண்டே போகிறது. 2025 மார்ச் 28 பகல், 7.7 அளவு அதிர்வில் அந்தப் பிளவு 450 கி.மீ.க்கு மேல் ஒரே மூச்சில் கிழிந்தது. சகாயிங்கின் பழைய ஆவா பாலம் விழுந்தது. சுமார் 1000 கி.மீ. தள்ளி பாங்காக்கில் கட்டப்பட்டுவந்த கட்டடமும் சரிந்தது. பாங்காக்கில்போல் அடியில் மென்மையான களிமண் இருந்தால் மெதுவாக ஆடும் அலைகள் பெருகும், உயரக் கட்டடங்களை அவைதான் ஆட்டும்.

ஆனால் அந்தக் கிழிசல் இரங்கூனுக்கு அருகிலுள்ள பெகு (பாகோ) வரை வரவில்லை. அங்கே கடைசியாக உடைந்தது 1930 மே 5. ஷ்வேமாடோ பகோடா சரிந்தது, இரங்கூனிலும் உயிர்ச்சேதம். அதன்பின் ஆண்டுக்கு 2 செ.மீ. வீதம் ஏறத்தாழ 1.9 மீட்டர் நகர்வு பாக்கி. அடுத்து எப்போது உடையும் என்று தேதி யாராலும் சொல்ல முடியாது; சொல்பவரை நம்பாதீர்கள்.

வீட்டைப் பாருங்கள். கீழ்த்தளம் முழுக்கக் கடை, சுவரில்லாமல் வெறும் தூண்கள் என்றால் முதலில் மடங்குவது அந்தத் தளம். புதிதாகக் கட்டினால் தூணின் நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியின் முனைகள் 135 பாகையில் உள்நோக்கி வளைந்திருக்கிறதா என்று கான்கிரீட் போடுமுன் பாருங்கள். 90 பாகை வளைவு குலுக்கலில் பிரிந்துவிடும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி? 1000 லிட்டர் என்றால் குலுங்கும்போது உச்சியில் ஒரு டன் பாரம்.