முதலில் செல்பேசியைத் திருப்பிக் கொடுங்கள்

அன்புள்ள ஐயா,

பல்லடம் பக்கம் சிறிய விசைத்தறிக்கூடம் வைத்திருக்கிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு. கூடப் படிக்கும் இரண்டு பையன்கள் அவள் முகத்தை வேறு உடம்போடு ஒட்டி இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதமாக வகுப்பே பார்த்துச் சிரித்திருக்கிறது. எங்களுக்குப் போன வாரம்தான் தெரிந்தது. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று புரியவில்லை. செல்பேசியை வாங்கி வைத்துவிட்டேன், பள்ளிக்கும் அனுப்பவில்லை. போலீஸ் ஜீப் வாசலில் நின்றால் மானம் போய்விடும் என்கிறாள் மனைவி. அந்தப் பையன்களின் வீட்டுக்கே போய்விடலாம் என்கிறார்கள் பங்காளிகள். மகள் எங்களோடு பேசுவதே இல்லை.

பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

செல்பேசியை இன்றே அவளிடம் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சொன்னால் செல்பேசி போகும், படிப்பு நிற்கும், பழி தன் தலையில் விழும் என்று பயந்திருப்பாள். அவள் சொல்லாமலேயே அத்தனையும் நடந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகள் இப்படி ஒன்றைச் சொல்ல என்னிடம் வந்தாள். "நீ எதற்குப் படமெல்லாம் போடுகிறாய்?" என்றுதான் முதலில் கேட்டேன். எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை.

பாவில் ஓர் இழை அறுந்தால் உங்கள் தறி தானாக நின்றுவிடாது. கண் வைத்திருப்பவர்தான் நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். அவளும் மூன்று மாதம் சாப்பிட்டு, பஸ் ஏறி, பரீட்சை எழுதித்தான் இருந்திருக்கிறாள். காலையில் வயிற்றுவலி என்று படுத்தாளா, இரவில் விழித்திருந்தாளா என்று இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த வயதில் வகுப்புதான் அவர்களுக்கு ஊர். ஊரே சிரிக்கும்போது பிள்ளைகள் தங்கள் உடம்பையே வெறுக்கத் தொடங்குகிறார்கள். "இருந்து என்ன" என்பதுபோல் ஒரு சொல் வந்தாலும் அவளைத் தனியே விடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

உங்கள் மனைவியின் பயம் எனக்குப் புரிகிறது. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறையே வெளியிட்டது; அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அந்த வழக்கில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. படத்தைக் காட்டி மிரட்டியவர்கள் நம்பியிருந்ததும் நம் வீடுகளின் இந்த மானத்தைத்தான்.

ஒட்டித் தயாரித்த படமானாலும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்கலாம். வருகிற அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. இயன்றவரை பெண்ணாக இருக்க வேண்டும். அவள் பெயரை வெளியிடுவது குற்றம். மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். கணக்கின் பெயர், இணைய முகவரி, தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ கொடுங்கள். அந்தப் படத்தை மட்டும் யாருக்கும், பங்காளிகளுக்கும்கூட, அனுப்பாதீர்கள். இப்படிப்பட்ட படங்களை, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் நீக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளே சொல்லிவிட்டன; 2026இல் அந்த நேரம் இன்னும் குறைக்கப்பட்டது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் அழைத்தாலும் உதவுவார்கள்.

பங்காளிகளை வீட்டிலேயே நிறுத்துங்கள். அந்தப் பையன்களும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள்தான். அவர்களைச் சிறார் நீதிக் குழுமம் விசாரிக்கும். நீங்கள் நாலு பேரோடு போய் நின்றால் நாளைக்கு வழக்கு உங்கள்மீது திரும்பும். அதையும் அவள்தான் சுமப்பாள்.

திங்கட்கிழமை அவளுக்குச் சம்மதம் என்றால் நீங்களே வண்டியில் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள். தலைமையாசிரியரிடம் பேசும்போது உடன் இருக்கிறாளா, வெளியே நிற்கிறாளா என்று அவளிடமே கேளுங்கள்.