11 வயது நாய் ராத்திரியில் எழுந்து குரைத்தால்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 11 வயது. இத்தனை வருடம் ராத்திரியில் அவன் சத்தமே கேட்டதில்லை. இரண்டு மாதமாகத் தினமும் 2 மணிக்கு மேல் எழுந்து ஹாலில் நின்று குரைக்கிறான். அதட்டினால் அடங்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறான், பிஸ்கட் போட்டால் படுக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். எப்படிப் பழக்குவது? (வாசகி, திருச்சி)

பதில்: இது பழக்கிச் சரிசெய்கிற விஷயமே இல்லைங்க. இத்தனை வருடம் ஒழுங்காகத் தூங்கிய நாய் இந்த வயதில் திடீரென்று ராத்திரி குரைத்தால், உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதனால் முதலில் அதட்டுவதை நிறுத்துங்கள். வலியிலோ பயத்திலோ எழுந்து நிற்பவனுக்கு அது இன்னும் பயத்தைத்தான் கொடுக்கும்.

இரண்டு ராத்திரி மொபைலை ஹாலில் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். குரைப்பதை விட, அதற்கு முந்தைய இரண்டு நிமிடம்தான் முக்கியம். முன்னங்காலை ஊன்றிவிட்டு, பின்பக்கத்தைத் தூக்க முடியாமல் தடுமாறி, நகம் டைல்ஸில் கர்கர் என்று வழுக்குகிறதா? அப்படியானால் இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்மானம் இருக்கலாம். வயதான லாப்ரடார்களுக்கு இது அடிக்கடி வருவதுதான். பகலில் அங்கே இங்கே நடப்பதால் அவ்வளவாகத் தெரியாது, மணிக்கணக்கில் படுத்து விறைத்துப்போன பிறகு எழும்போதுதான் வலிக்கும்.

எழுந்ததும் நேராகத் தண்ணீருக்கோ வாசலுக்கோ போகிறான் என்றால், ஒரு நாள் முழுக்க அளந்து ஊற்றிப் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 30 கிலோ நாய் 3 லிட்டருக்கு மேல் குடித்தால் அது அதிகம். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், ஹார்மோன் பிரச்சினை எதுவாகவும் இருக்கலாம். ராத்திரி மூத்திரம் போகிறானே என்று தண்ணீரை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள், சிறுநீரகம் கெட்டிருந்தால் அது ஆபத்து.

அப்புறம் இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: நாய்களுக்கும் முதுமையில் மறதி நோய் வரும். சும்மா சுவரைப் பார்த்து நிற்கும், சோபா மூலையில் புகுந்துவிட்டுப் பின்னால் வரத் தெரியாமல் நிற்கும், கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் இருக்கிற பக்கம் போய்க் காத்திருக்கும். பகலெல்லாம் தூங்கி, ராத்திரி எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் குரைக்கும். அந்தக் கீல் பக்கம் நிற்கிற நாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். முழுசாகக் குணமாகாதுதான், ஆனால் செலிஜிலின் மாதிரி மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் ஆரம்பித்தால் பல நாய்களுக்குப் பலன் தெரிகிறது. கண்ணும் காதும் மங்கினாலும் இதே குழப்பம் வரும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீடியோவை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றும் பார்க்க வேண்டும். உள்ளூரில் வசதி இல்லையென்றால் நாமக்கல் அல்லது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போகலாம். அதுவரை வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாயின் ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாம் கெடும்.

இன்றைக்கே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. அவன் நடக்கிற வழியில் வழுக்காத மேட் போடுங்கள், படுக்கக் கனமான மெத்தை, ஹாலில் ஒரு ஜீரோ வாட் பல்பு. சாயங்காலம் தூங்கவிடாமல் மெதுவாக நடத்திக் கூட்டிப் போய், மோந்து பார்க்க வேண்டியதை எல்லாம் நிதானமாக மோந்து பார்க்க விடுங்கள். 10 மணிக்கு மேல் ஒருமுறை வெளியே. முடிந்தால் உங்கள் அறையிலேயே படுக்கட்டும், குழம்பி எழுகிற நாய்க்குப் பக்கத்தில் ஆள் இருப்பதே பெரிய ஆறுதல். பிஸ்கட் வேண்டாம், குரைத்தால் பிஸ்கட் வரும் என்று கற்றுக்கொள்வான். பசிதான் காரணமோ என்று தோன்றினால் சாப்பாட்டில் ஒரு பங்கை 9 மணிக்கு வைத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டாரிடம் நீங்களே போய், அவனுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும்: என்றைக்காவது ராத்திரி அவன் வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்தும் எதுவும் வராமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வயிறு முறுக்கிக்கொண்டிருக்கலாம், அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.