பாலபெக் முகாமுக்குப் பழைய துணி கொண்டுபோகலாமா?

சகோதரரே, சபை இளைஞர்கள் சேர்த்த பன்னிரண்டு மூட்டைப் பழைய துணியோடு வடக்கு உகாண்டாவின் பாலபெக் அகதிக் குடியிருப்புக்குப் போய் ஒரு வாரம் ஊழியம் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மூட்டையை விட்டுவிடுங்கள். உகாண்டாச் சந்தைகளில் பழைய துணி மலைபோல் குவிந்து கிடக்கிறது. 'மிவும்பா' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. உங்கள் விமானச் சுமைக்கூலியில் அங்கேயே இரண்டு மடங்கு வாங்கலாம்.

அடுத்தது அனுமதி. அங்கே அகதிகள் விவகாரம் பிரதமர் அலுவலகத்தின் கையில். அவர்கள் அனுமதி இல்லாமல் உள்ளே போய்க் கூட்டம் போட நினைக்காதீர்கள்.

அப்புறம், வேதமே அறியாதவர்கள் என்று எண்ணிப் போனால் வெட்கப்படுவீர்கள். 2017-ல் திறந்த அந்த இடத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கு சூடான் கிறிஸ்தவர்கள். மரத்தடியில், கம்பும் தார்ப்பாயும் போட்ட கூரையின் கீழ் அவர்களே ஆராதனை நடத்துகிறார்கள், அக்கோலி மொழியில் பாடுகிறார்கள். நம் ஆங்கிலப் பிரசங்கத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேட வேண்டியிருக்கும்.

சலேசியர் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருக்கள் முகாமுக்குள்ளேயே குடியிருந்து தையல், கட்டட வேலை, மோட்டார் சைக்கிள் பழுது எல்லாம் கற்றுத்தருகிறார்கள். அவர்களுக்கு எழுதி, ஒரு மாணவிக்குத் தையல் படிக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். 2020-ல் உலக உணவுத் திட்டம் உகாண்டா அகதிகளின் பங்கீட்டை 30 சதவீதம் குறைத்தது. பிறகும் வெட்டு தொடர்ந்தது. சொந்தமாக நாலு காசு சம்பாதிக்கும் வழிதான் அங்கே அவசரத் தேவை.

போவதென்றால் இரண்டு பேர் போங்கள், இருபது பேர் வேண்டாம். குழந்தைகளோடு போட்டோ எடுத்துப் போடுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.