எந்த விரல் மரத்துப்போகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 44. நாள் முழுக்கக் கணினியில் தட்டச்சு வேலை. மூன்று மாதமாக நள்ளிரவில் வலது கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. எழுந்து கையை உதறினால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. பகலில் கைப்பேசியைப் பிடித்திருக்கும்போதும் சில நேரம் வருகிறது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் காலும் மரத்துவிடுகிறது. ‘நரம்புத் தளர்ச்சி, சத்து மாத்திரை சாப்பிடு’ என்கிறார்கள். இரண்டும் ஒரே கோளாறுதானா? என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. சம்மணம் போட்டால் கால் மரத்துப்போவது யாருக்கும் வருவது. எழுந்து நடந்ததும் போய்விடுகிறது என்றால் அதை மறந்துவிடலாம். தூக்கத்தைக் கலைக்கும் கையை அப்படி விட முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்குகிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

‘நரம்புத் தளர்ச்சி’ என்பது நடுக்கம், களைப்பு, தூக்கமின்மை, மரமரப்பு எல்லாவற்றையும் போட்டு அடைக்கும் மூட்டை. எந்த நரம்பு, எந்த இடம் என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. ‘நரம்பு’ என்ற சொல்லிலேயே குழப்பம் இருக்கிறது. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவது சிரை, அதாவது ரத்தக் குழாய். கையை மடக்கினால் மணிக்கட்டில் கயிறுபோல விறைத்து நிற்பது தசைநாண், தசையை எலும்போடு கட்டும் நார். பேச்சில் மூன்றையும் நரம்பு என்றே சொல்கிறோம். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் செய்தி கொண்டுபோகும் உண்மையான நரம்பு உள்ளே இருக்கிறது; பெரும்பாலான இடங்களில் கண்ணுக்குத் தெரியாது.

அந்த நரம்பும் ஒற்றைக் கம்பி அல்ல, ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. ஒவ்வொரு இழையும் ஒரு நரம்பணுவின் வால். உங்கள் கட்டைவிரல் நுனியின் தொடுவுணர்வைக் கொண்டுபோகும் அணுவின் உடல் கழுத்தில், முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை அதே அணுவின் வால்தான் ஓடுகிறது. கால் விரலுக்குப் போகும் இழை ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும்.

இழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் வந்ததும் சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, அழுத்தம் ஒரு கணம் தலைகீழாகிறது. ஒரு மில்லிநொடியில் முடிந்துபோகும் அந்தத் துடிப்புதான் செய்தி. உள்ளே வந்த சோடியத்தை வெளியேற்றுவது ஒரு பம்பு: மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. அது ஓய்வில்லாமல் ஓடுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனுக்கு ரத்தம் வேண்டும். நரம்புக்குள்ளேயே நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓடுவது அதற்காகத்தான்.

சம்மணம் போடும்போது நசுங்குவது நரம்பும் அந்தக் குழாய்களும்தான். பம்பு தளர்கிறது, துடிப்புகள் நின்றுபோகின்றன. தடித்த, மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய இழைகள் முதலில் ஓய்கின்றன. தொடுவுணர்வும் கால் எப்படி இருக்கிறது என்ற உணர்வும் அவற்றின் வேலை. வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். கால் இருக்கும் இடமே தெரியாது, கிள்ளினால் மட்டும் வலிக்கும் என்ற விசித்திரம் இதனால்தான். காலை நீட்டியதும் ரத்தம் திரும்பி, இழைகள் தூண்டலே இல்லாமல் தாமாகத் துடிக்கத் தொடங்கும். ஊசி குத்துவதுபோல் இருப்பது அப்போதுதான். எரிச்சலூட்டினாலும் அது இழைகள் விழித்துக்கொள்வதன் அடையாளம். அந்த நேரத்தில் சட்டென்று எழுந்து நடந்தால் கணுக்கால் பிசகும்; ஊன்றிய பாதம் தெரிகிறவரை பொறுங்கள்.

ஒரு நரம்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நசுங்கினால் கதை மாறுகிறது. முதலில் ரத்தம் மட்டும் தடைபடும். உதறினால் நிமிடங்களில் சரியாகும். மாதக்கணக்கில் நீடித்தால் அந்த இடத்தில் மயலின் உறை சிதையும். ஆரோக்கியமான கை நரம்பில் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடும் செய்தி அங்கே மட்டும் தடுமாறி மெதுவாகும். உறை மீண்டும் வளர வாரங்கள், மாதங்கள் பிடிக்கும். அதையும் தாண்டினால் இழையே அறுபடும். அறுந்த இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழுமையாக வளரும் என்ற உறுதியும் இல்லை. உதறினால் சரியாகிறது என்று நீங்கள் சொல்வதால் இன்னும் முதல் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள் என்று நம்ப இடமுண்டு. கவனிக்க வேண்டிய காலமும் இதுவே.

விரல் வரைபடம்

இன்றிரவு மரத்துப்போகும்போது விளக்கைப் போட்டு, எந்தெந்த விரல் என்று பேனாவால் கையிலேயே குறித்துவிடுங்கள். காலையில் நினைவுகூர்ந்தால் ‘கை முழுக்க’ என்றுதான் தோன்றும், எல்லோருக்கும் அப்படித்தான். மருத்துவரிடம் நீங்கள் கொண்டுபோகக்கூடிய தகவல்களில் இதைவிட மதிப்புள்ளது வேறில்லை.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மீடியன் நரம்பு. மணிக்கட்டில் எலும்புகள் தரையாகவும் ஒரு தடித்த நார்ப்பட்டை கூரையாகவும் அமைந்த குறுகிய சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கிக்கொண்டு போகிறது. சுரங்கம் விரியாது; தசைநாண்களின் உறை கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம், சுரங்கத்தில் அழுத்தம் ஏறுகிறது. படுத்திருக்கையில் கால்களிலிருந்த நீர் உடலெங்கும் பரவிக் கைகளுக்கும் வருகிறது. இரவில் தொல்லை கூடுவது இதனால். கைப்பேசியைப் பிடிப்பதிலும் அதே மடக்கல் இருக்கிறது. தட்டச்சை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. கருவுற்றிருத்தல், தைராய்டு குறைவு, நீரிழிவு, மூட்டு வாதம், உடல் பருமன் எல்லாம் இதே சுரங்கத்தை நெருக்கும்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் அல்நார் நரம்பு; அது பெரும்பாலும் நசுங்குவது முழங்கையில். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓடுமே, அதே இடம்.

மோதிர விரல் ஒரு நல்ல சாட்சி. பஞ்சைத் திரித்து அதன் இரு பக்கங்களிலும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் தெளிவாகவும் இருந்தால் கோளாறு கையிலுள்ள நரம்பில். இரு பக்கமும் ஒரே அளவு மந்தம் என்றால் கழுத்திலிருந்து வரும் நரம்பு வேரைச் சந்தேகிக்கலாம். அங்கே முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் நகர்ந்து வேர் நசுங்கினால் கழுத்தைத் திருப்பும்போது வலி தோளிலிருந்து கையில் இறங்கும். இன்னொரு தடயமும் உண்டு. கட்டைவிரலின் அடியில் உள்ளங்கை மேட்டுத் தோலுக்குப் போகும் கிளை, சுரங்கத்துக்குள் நுழையாமல் அதற்கு மேலாகவே போய்விடுகிறது. விரல்கள் மரத்து அந்த மேட்டில் உணர்வு நன்றாக இருந்தால் மணிக்கட்டுதான் என்பது இன்னும் உறுதி.

பகலில் இதையும் செய்து பாருங்கள். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டுகளைத் தாமாக மடங்கும் அளவுக்கு மடக்கி 60 நொடி வைத்திருங்கள். வலிந்து அழுத்த வேண்டாம். அந்த மூன்றரை விரல்களில் குறுகுறுப்பு வந்தால் மீடியன் நரம்பின் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. வராவிட்டால் நோய் இல்லை என்று பொருளல்ல.

தசையையும் பார்த்துவிடுங்கள். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நிமிர்த்துங்கள். மறுகை விரலால் அதை அழுத்தினால் எளிதில் விழுகிறதா? கட்டைவிரல் அடிமேடு மறுகையைவிடத் தட்டையாக இருக்கிறதா? பொத்தான் போடுவது, நாணயம் எடுப்பது சிரமமாகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் வீட்டு வைத்தியத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

இன்றிரவு முதல்

மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை வாங்குங்கள். உள்ளே உலோகத் தகடு இருக்கும். பல பட்டைகளில் அது மணிக்கட்டைப் பின்பக்கமாக 20, 30 டிகிரி வளைத்து வைக்கும்படி வரும். அதை எடுத்து நேராக்கித் திரும்பச் செருகுங்கள், ஏனென்றால் பின்னால் வளைந்தாலும் சுரங்கத்தில் அழுத்தம் கூடும். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். காலையில் தோலில் ஆழமான தடம் இருந்தால் இறுக்கம் அதிகம். இரவில் மட்டும் போட்டால் போதும், ஆனால் தவறாமல் ஆறு வாரம். நான்கு நாள் போட்டுவிட்டுப் பலனில்லை என்று கழற்றுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு.

குறி சுண்டுவிரல் பக்கம் விழுந்திருந்தால் இந்தப் பட்டையால் பயனில்லை. அல்நார் நரம்பு முழங்கை மடங்கும்போது இழுபடுகிறது. தடித்த துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுத்தால் கை அதிகம் மடங்காது. பகலில் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவதையும் விடுங்கள்.

சத்து மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நசுங்கிய நரம்பை வைட்டமின் விடுவிக்காது. பி12 குறைவு நரம்பைக் கெடுக்கும் என்பது உண்மை. விலங்குணவும் பாலும் அறவே இல்லாதவர்கள், நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்கள், இரைப்பை அறுவை செய்தவர்கள் ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் குறைவு கைவிரல் மூன்றில் தொடங்குவது அரிது. பொதுவாக இரு கால்களிலும் ஒன்றுபோல் விரல் நுனியில் தொடங்கி மேலேறும். நீரிழிவும் அப்படியே: மிக நீளமான இழைகள் முதலில் அடிபடுவதால் காலுறை போட்டதுபோல் பாதத்தில் தொடங்கி, முழங்காலை நெருங்கும்போதுதான் கைவிரல் நுனிக்கு வரும். ஒரு கையில், இரவில், உதறினால் போகிற மரமரப்பு இந்த அச்சில் இல்லை.

பி6 பற்றி ஓர் எச்சரிக்கை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவே தேவை. நரம்புக்கென்று விற்கும் சில மாத்திரைகளில் 100 மில்லிகிராம்கூட இருக்கும். அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் பி6தான் உணர்வு நரம்பணுக்களைக் கெடுத்து மரமரப்பை உண்டாக்கும். மரமரப்புக்காக மாத்திரை, மாத்திரையால் மரமரப்பு என்று சுற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அட்டையின் பின்புறம் அளவைப் படித்துவிட்டு விழுங்குங்கள்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் தைராய்டும் போதும். பி12 மேலே சொன்ன வகையில் வருபவர்களுக்கு. ஆறு வாரப் பட்டைக்கும் அடங்காவிட்டாலோ, தசை பலம் குறைந்திருந்தாலோ, நரம்பு மருத்துவரிடம் நரம்புக் கடத்தல் சோதனை. தோல்மீது சிறு மின்முனைகளை ஒட்டி, லேசான மின்னதிர்வு கொடுத்து, துடிப்பு மணிக்கட்டைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பார்கள். அன்று கையில் எண்ணெயோ களிம்போ பூச வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கை சில்லிட்டிருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் நொடிக்கு சுமார் 2 மீட்டர் குறைந்து, இல்லாத நோய் இருப்பதுபோல் காட்டும். கையை வெதுவெதுப்பாக்கிய பிறகே அளக்கச் சொல்லுங்கள். தொடக்க நிலையில் இந்தச் சோதனை இயல்பாகவே வரக்கூடும். அப்போது உங்கள் பேனாக் குறிதான் பேசும்.

காத்திருக்கவே கூடாத சில நிலைகளும் உண்டு. மரமரப்பு திடீரென்று முகம், கை, கால் என உடலின் ஒரு பாதியில் வந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் அது மூளை ரத்தக் குழாய் விவகாரம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் வாய்ப்பு. இரு தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்து, சிறுநீர் வராமல் நின்றால், தண்டுவடத்தின் அடி நரம்புக் கற்றை நசுங்குகிறது; அன்றே மருத்துவமனை. பாதத்தில் தொடங்கிய பலவீனம் சில நாட்களில் மேலேறி, படி ஏற முடியாமல், மூச்சு வாங்கினாலும் அப்படியே.

பட்டை போதாதபோது சுரங்கத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சில வாரங்களோ சில மாதங்களோ நிம்மதி கிடைக்கும், திரும்பியும் வரலாம். கடைசி வழி கூரைப் பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் கொடுக்கும் அறுவை. மரக்க ஊசி மட்டும் போட்டுச் செய்வது, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இரவு விழிப்பு முதலில் போகும், சில நாட்களிலேயே. விரல் நுனியின் கூர்மை திரும்ப மாதங்களாகும். வற்றிப்போன கட்டைவிரல் மேடு மட்டும் பலருக்குப் பழையபடி நிரம்புவதே இல்லை.