கன்று போட்டு ஐந்து மாதமாகியும் கத்தாத மாட்டுக்கு, நாள் குறித்துப் போடும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) பலன் தருமா?

தரும், ஆனால் எல்லா மாட்டுக்கும் இல்லை. மேலூர் பக்கம் ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன், இந்த முறையில் எங்கள் தொழுவத்திலேயே சினை நின்றிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

முதலில், கத்தவில்லை என்பதால் பருவத்துக்கே வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சத்தமே காட்டாத மாடுகள் நிறைய இருக்கின்றன. அதுவும் வெயில் காலத்தில் ராத்திரியில் வந்து விடிவதற்குள் அடங்கிவிடும். விடியக்காலை கறவைக்கு உட்காரும் முன் டார்ச் அடித்து வாலையும் பின்தொடையையும் பாருங்கள், கண்ணாடி மாதிரி வழும்பு ஒட்டிக் காய்ந்திருக்கும். சில மாட்டுக்கு வாலில் ரத்தக்கறை மட்டும்தான் கண்ணில் படும். அது பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்து வருவது, அன்றைக்கு ஊசி போட்டுப் பிரயோசனமில்லை. தேதியைக் குறித்து வைத்து 17, 18ஆம் நாளிலிருந்து காலையும் ராத்திரியும் கவனியுங்கள்.

இவ்வளவு பார்த்தும் நேரம் பிடிபடவில்லை என்றால்தான் இந்த முறை. கருமுட்டை வெளிவரும் நேரத்தை ஹார்மோன் ஊசியால் நாமே அமைத்துக்கொள்வதுதான் விஷயம், ஓவ்சிங்க் என்பார்கள். திங்கள் காலை 10 மணிக்கு ஜிஎன்ஆர்ஹெச் (கருமுட்டையை வெளிவரச் செய்யும் ஹார்மோன்) ஊசி போட்டால் அடுத்த திங்கள் அதே நேரம் புரோஸ்டாகிளாண்டின் (மாட்டைப் புதுப் பருவத்துக்குக் கொண்டுவரும் ஹார்மோன்), அதிலிருந்து 56 மணி நேரத்தில், அதாவது புதன் மாலை 6 மணிக்கு மறுபடி ஜிஎன்ஆர்ஹெச், வியாழன் காலை 10 மணிக்குச் சினை ஊசி. மாடு கத்தினாலும் கத்தாவிட்டாலும் வியாழன் போட்டாக வேண்டும். நடுவில் பருவம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் அட்டவணைக்காகக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், காலையில் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை என்ற வழக்கமான கணக்குதான். புதன் மாலை ஊசியைத்தான் நிறைய பேர் தவற விடுகிறார்கள், வேலை முடித்துப் போகிற டாக்டரை அந்த நேரத்துக்கு வரச் சொல்வது கஷ்டம். அதனால் முதல் ஊசிக்கு முன்பே நான்கு நாளையும் அவரிடம் பேசி உறுதி செய்துவிடுங்கள்.

ஆரம்பிக்கும் முன் கண்டிப்பாகச் சினைப் பரிசோதனை செய்ய வேண்டும். ஏற்கெனவே சினையாக இருந்தால் புரோஸ்டாகிளாண்டின் கருவைக் கலைத்துவிடும். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அந்த மருந்தைத் தொடவே கூடாது, தோல் வழியாகவே உடம்பில் ஏறும். வழும்பு கலங்கலாகவோ சீழாகவோ வந்தால் கருப்பையில் புண் இருக்கிறது என்று அர்த்தம், முதலில் அதற்கு வைத்தியம்.

அப்புறம் தீவனம். நம் பக்கம் வைக்கோலையும் தவிட்டையும் வைத்தே ஓட்டுகிறோம், விலா எலும்பு தெரிகிற மாட்டுக்கு எந்த ஹார்மோனும் பெரிதாக உதவாது. தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை, கொஞ்சம் பசும்புல், இதை ஒன்றிரண்டு மாதம் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் சினை நிற்பது குறைவு, முடிந்தால் அதைத் தாண்டிச் செய்யலாம்.

நன்றாகச் செய்தாலும் பத்து மாட்டில் மூன்று நான்குதான் முதல் தடவையில் நிற்கும். நிற்காத மாடு பெரும்பாலும் 18லிருந்து 24 நாளுக்குள் பருவத்துக்கு வரும், அந்த ஒரு வாரம் கண்ணை எடுக்காதீர்கள். வராவிட்டால் சினை ஊசி போட்டு 60 நாள் கழித்து டாக்டரிடம் சினைப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.