முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ‘கரண்ட்’ வைப்பதால் பயன் உண்டா? வீட்டுக்கே மெஷின் வாங்கலாமா?

உங்கள் மாமிக்கு முழங்கால் மாற்றி மூன்று கிழமை. தினமும் தெஹிவளையிலிருந்து ஓட்டோ பிடித்துப் பிசியோவுக்குக் கூட்டிப்போகிறீர்கள். அங்கே தொடையில் கரண்ட் வைத்து இருபது நிமிடம் படுக்க விடுகிறார்கள், ஒவ்வொரு தடவைக்கும் காசு. இதில் பிரயோசனம் உண்டா, இல்லாவிட்டால் ஒன்லைனில் ஒரு மெஷினை வாங்கி வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டொக்டரும் இல்லை, பிசியோதெரபிஸ்டும் இல்லை. வெள்ளவத்தையில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டில், முழங்கால் மாற்றிய அம்மாவைப் பார்த்த மகள். அதற்கு ஒரு வருடம் முந்திப் பாரிசவாதம் வந்த பெரியப்பாவுக்கும் இந்தக் கரண்ட் வைத்தார்கள். அந்த இரண்டு கால்களையும் பக்கத்தில் இருந்து பார்த்த அளவில் சொல்கிறேன்.

பயன் உண்டு. ஆனால் கரண்ட் ஓடும் நேரத்தில் மாமி என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான். சும்மா படுத்துக் கிடந்தால் ஓட்டோக் காசும் வீண்.

அம்மாவுக்கு ஒப்பரேஷன் முடிந்து இரண்டாம் நாள், காலை நேராக நீட்டித் தூக்கச் சொன்னார்கள். கால் அசையவே இல்லை. “நான் தூக்கச் சொல்லுறன், அது கேக்குதில்லை” என்று அம்மா அழுதேவிட்டார். தசை பழுதாகிவிட்டதோ என்று நானும் பயந்துபோனேன். விசாரித்துப் பார்த்ததில் தசையில் பிழை இல்லை. மூட்டு வெட்டுப்பட்டு வீங்கியிருக்கும்போது அங்கிருந்து போகும் நரம்புச் செய்திகளைக் கேட்டு முண்ணாண் முன்தொடைத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. மூட்டைக் காப்பாற்ற உடம்பு செய்கிற வேலைதான், ஆனால் அளவுக்கு மிஞ்சிச் செய்கிறது. முதல் மாதத்தில் அந்தத் தசையின் பலம் ஒப்பரேஷனுக்கு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடுவது சாதாரணம். மூளையிலிருந்து வரும் வழி இப்படி அடைபட்டிருக்க, தோலுக்கு மேலே வைக்கும் கரண்ட் தொடையிலுள்ள நரம்பை நேரே தட்டித் தசையைச் சுருங்க வைக்கிறது. பற்றரி இறங்கின காரை நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி. தள்ளும்போது உள்ளே இருப்பவர் கிளச்சை விட வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு தள்ளியும் கார் ஸ்டார்ட் ஆகாது.

அந்தக் கிளச் விஷயத்தை அம்மாவுக்குப் புரிய வைத்தது ஒரு சிங்களப் பிசியோ மிஸ். கரண்ட் பாய்ச்சும் ஒட்டுத் துண்டுக்குப் பேட் என்று பெயர், ஒரு பேட்டைத் தொடையின் மேலே வெளிப்பக்கமாகவும், மற்றதை முழங்காலுக்குச் சற்று மேலே உட்பக்கமாகவும் ஒட்டிவிட்டுக் குமிழை மெல்லத் திருகினார். முதலில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றார் அம்மா. “பிள்ளை, இது ஷொக் அடிக்காதோ?” என்று என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் திருகியதும் தோலுக்குக் கீழே மீன் துள்ளுகிற மாதிரி ஒரு துடிப்பு. அதற்கும் மேலே போனதும் தொடை கல்லாக இறுகி, முழங்கால் சிரட்டை மேல்நோக்கி இழுபட்டது. அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட, மிஸ் அதைக் காதில் வாங்காமல், “அம்மா, உஸ்ஸன்ன, உஸ்ஸன்ன!” என்று சத்தம் போட்டார். தூக்குங்கள் என்கிறார். அம்மாவுக்கு ஐம்பது வருடமாக வராத சிங்களம் அன்றைக்கு வந்தது. குதிக்கால் மெத்தையிலிருந்து ஒரு சாண் அல்ல, ஒரு விரல் அளவுதான் எழும்பியது. ஆனால் எழும்பியது.

பத்து விநாடி இறுக்கம், ஐம்பது விநாடி ஓய்வு. இப்படிப் பதினைந்து தடவை. ஓய்வு ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டேன். நாமாகத் தசையை இறுக்கும்போது உடம்பு களைக்காத சிறிய நார்களை முதலில் எடுத்து, தேவைக்கு ஏற்ற மாதிரி மற்றவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்ளும். கரண்டுக்கு அந்த நிதானம் கிடையாது. பேட்டுக்குக் கிட்ட இருக்கிற நார்களையே, பெரியது சிறியது பாராமல், ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப அடிக்கிறது. அதனால் தசை சீக்கிரம் களைத்துப்போகும். ஓய்வே விடாமல் இருபது நிமிடம் ஒரே சீராக ஓடும் கரண்ட் என்றால், அது அநேகமாகத் தசைக்கு வைத்த கரண்டே இல்லை.

உங்கள் கேள்வியில் எனக்குச் சந்தேகம் வந்த இடமும் இதுதான். மாமிக்கு வைப்பது எந்தக் கரண்ட்? வலிக்கு வைக்கிறதற்கு டென்ஸ் என்று பெயர். விநாடிக்கு 80, 100 தடவை சின்னச் சின்னத் துடிப்பு, தசை இறுகாது, கிசுகிசுவென்ற கூச்சம் மட்டும் இருக்கும். 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் முண்ணாணில் ஒரு படலை இருப்பது போலவும், தொடு உணர்வுச் செய்தி நிறையப் போனால் வலிச் செய்திக்கு அந்தப் படலை பாதி மூடிக்கொள்வது போலவும் ஒரு கோட்பாட்டைச் சொன்னார்கள். இடித்த முழங்கையைத் தேய்த்தால் ஆறுகிறதே, கிட்டத்தட்ட அது. இரண்டு வருடம் கழித்து வால் இன்னொரு வைத்தியருடன் சேர்ந்து கரண்டைத் தங்கள் முகத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுக்கு வைத்தார்.

வலிக்குக் கரண்ட் வைப்பது இதைவிட எவ்வளவோ பழசு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோம வைத்தியர், காலில் மூட்டுவாதம் வந்தவர்களை ஈரமான கடற்கரையில் உயிருள்ள மின்திருக்கையை மிதித்துக்கொண்டு முழங்கால் வரை மரத்துப்போகும்வரை நிற்கச் சொல்லியிருக்கிறார். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “வெள்ளவத்தைக் கடல் கிட்டத்தானே, காசு மிச்சம்” என்றார்.

டென்ஸைக் குறை சொல்லவில்லை. இரவில் வலி கூடி நித்திரை வராதபோது அம்மாவுக்கு அது உதவியது. ஆனால் நிற்பாட்டிக் கொஞ்ச நேரத்தில் வலி திரும்பும், தொடைக்குப் பலமும் வராது. நாரி வலிக்கென்று பலர் இதை வாங்குகிறார்கள். இங்கிலாந்தில் வைத்தியர்களுக்கு வழிகாட்டி எழுதும் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டியில் நாரி வலிக்கு டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது.

தசைக் கரண்டின் நிலைமை அப்படி இல்லை. 2012இல் அமெரிக்காவில் முழங்கால் மாற்றிய 66 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. எல்லோருக்கும் வழமையான பயிற்சி உண்டு. ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒப்பரேஷன் முடிந்து 48 மணித்தியாலத்திலிருந்து ஆறு கிழமைக்கு, நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு பதினைந்து இறுக்கம் வீதம் கரண்டும் சேர்த்தார்கள். மூன்றரைக் கிழமையில் அவர்களின் தொடைப் பலம், நடை, படியேற்றம் எல்லாம் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. ஒரு வருடத்தில் வித்தியாசம் குறைந்திருந்தாலும் இருந்தது. கூடுதல் கரண்டைத் தாங்கியவர்களுக்குக் கூடுதல் பலம் வந்தது என்பதையும் கவனித்திருக்கிறார்கள். அதனால்தான் மிஸ் ஒவ்வொரு நாளும் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோனார். கூச்சத்தோடு நிறுத்திவிட்டால் தசைக்கு எந்த வேலையும் இல்லை.

பிறகு நாங்கள் கிட்ட இருக்கிறதே என்று வேறொரு தனியார் கிளினிக்குக்கு மாறினோம், பெயர் வேண்டாம். திரையை இழுத்துவிட்டு, பேட்டை ஒட்டி, மணியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா ஏசியில் அருமையாக நித்திரை கொள்வார். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் கால் முன்னே போகவில்லை. பிழை எங்களிலும் உண்டு, நான் வெளியே கதிரையில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாவிலும் இதையேதான் பார்த்தேன். அவருக்குப் பாதம் தூக்க வராது, நடக்கும்போது பெருவிரல் நிலத்தில் இழுபடும். முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓர் எலும்பு முடிச்சு இருக்கிறதல்லவா, அதற்குச் சற்றுக் கீழே ஒரு பேட், கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் முன்பக்கம் இன்னொன்று. பேட் ஒரு விரல் அகலம் விலகினால் பாதம் மேலே வராமல் வெளிப்பக்கம் திரும்பும். சரியான இடத்தைக் கண்டுபிடித்துப் பேனாவால் கோடு போட்டு வைத்தோம். பெரியப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டே காலை நீட்டிக்கொண்டு இருப்பார், பாதம் தன்பாட்டில் ஏறி இறங்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்த பிசியோ ரிமோட்டை எடுத்து டிவியை நிற்பாட்டிவிட்டு, “பாதத்தைப் பாருங்கோ ஐயா, கரண்ட் வரேக்க நீங்களும் தூக்குங்கோ” என்றார். பெரியப்பா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. பிறகு எழுந்து நின்று, அடி எடுத்து வைக்கும் நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் வருகிற மாதிரிச் செய்தார்கள். குதிக்கால் எழும்பும்போது சப்பாத்துக்குள் இருக்கும் சுவிட்ச் கரண்டை விடுகிற முறையை லிபர்சன் என்பவர் 1961லேயே செய்து காட்டியிருக்கிறார். பெரியப்பாவிடம் சப்பாத்துச் சுவிட்ச் இல்லை, பிசியோவின் கையில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். பெரியப்பா இன்றைக்கும் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை போட்டுத்தான் வெளியே போகிறார். குளியலறைப் படியில் மட்டும் இப்போது பெருவிரல் தட்டுவதில்லை.

சரி, மெஷின். முதலில் நான் வாங்கியது ஒன்லைனில் கண்ட, உள்ளங்கை அளவு, வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்று. தட்டல், பிசைதல் என்று பத்து வகை அதில் இருந்தது, ஆனால் எத்தனை விநாடி இறுக்கம், எத்தனை விநாடி ஓய்வு என்று நாமே வைக்கும் வசதி இல்லை. காசு போனது. வாங்குவதென்றால் இறுக்கத்துக்கும் ஓய்வுக்கும் தனித்தனியே நேரம் வைக்கக்கூடியதா, கரண்ட் சடாரென்று அடிக்காமல் மெல்ல ஏறி மெல்ல இறங்குமா, துடிப்பின் அகலத்தை, அதாவது ஒரு துடிப்பு நீடிக்கும் நேரத்தை, 300 மைக்ரோ விநாடி வரை கூட்டலாமா என்று பாருங்கள். தொடைக்குப் பெரிய பேட் வேண்டும். சின்னப் பேட்டில் அதே கரண்ட் ஒரு புள்ளியில் குவிந்து ஊசி குத்துவது போல இருக்கும், மாமி இரண்டாம் நாளே வேண்டாம் என்பார். முதல் இரண்டு மூன்று தடவை பிசியோ முன்னால் வைத்துப் பழகுங்கள், பேட் ஒட்டிய இடத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். காசு கஷ்டம் என்றால் களுபோவில அரச வைத்தியசாலை உங்களுக்குக் கிட்டத்தான். அங்கே பிசியோ பிரிவு இலவசம். வரிசை இருக்கும், கிளினிக் துண்டோடு விடிய வெள்ளன போக வேண்டும்.

மாமிக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இதய டொக்டர் சரி என்று சொல்லாமல் எந்த மெஷினையும் தொட வேண்டாம். சீனி வருத்தத்தால் கால் மரத்திருந்தால், கரண்ட் கூடினது அவருக்கே தெரியாமல் தோல் வெந்துபோகும். அம்மாவுக்குச் சீனி இருந்ததால் ஒவ்வொரு முறையும் முதலில் பஞ்சாலும் ஊசி மூடியாலும் தொட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்போம். ஆறாத காயத்தின் மேல், புற்றுநோய் உள்ள இடத்தில், கழுத்தின் முன்பக்கத்தில் வைக்கக் கூடாது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால் அது இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அந்த நேரம் மெஷின் தேடாமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். உள்ளே உலோக மூட்டு இருக்கிறதே என்ற பயம் இந்தக் கரண்டுக்கு வேண்டியதில்லை. உலோகம் இருந்தால் வைக்கக் கூடாதென்று சொல்வது டயதெர்மி என்கிற சூடு வைக்கும் மெஷினை. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, தினமும் போன் எடுத்து அம்மாவைப் பயமுறுத்தினார்கள்.

அப்புறம் தைலம். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஒரு போத்தல் கொண்டுவந்து காலில் தேய்த்துவிட்டுப் போவார்கள். எண்ணெய்த் தோலில் பேட் ஒட்டாது, ஓரம் கிளம்பினால் மிச்ச இடத்தில் சுரீரென்று இழுக்கும். கொழும்பு வியர்வையிலும் அதே கதைதான். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கழற்றியதும் பிளாஸ்டிக் தாளில் திரும்ப ஒட்டி, உறைக்குள் போட்டு மூடி வையுங்கள். காய்ந்த பேட்டைத் தண்ணீர் தொட்டு இரண்டு மூன்று நாள் சமாளிக்கலாம், அதற்கு மேல் புதிது வாங்குங்கள்.

அம்மா ஐந்தாம் மாதம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார், ஒவ்வொரு தட்டிலும் நின்று “உஸ்ஸன்ன” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு. மெஷின் இப்போது கீழ்வீட்டு அன்ரியிடம் இரவலுக்குப் போயிருக்கிறது. பேட் மட்டும் கொடுக்கவில்லை, ஒருவர் தோலில் ஒட்டியதை மற்றவருக்கு ஒட்டக் கூடாது. காலி வீதிப் பார்மசிகளில் தனியாக விற்கிறார்கள், வயரின் முனையை ஒருமுறை காட்டி, பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.